பரிமளாவுக்கு நான் கொடுத்த நற்சான்று

நான் பொய் சொன்னேன். தொலைபேசியில், பட்டப்பகலில், குரல் நடுங்காமல் சொன்னேன். அந்தப் பொய்யால் என் தோழி பரிமளாவின் வலது காலில் இன்று நான்கு விரல்கள் இல்லை.

விபத்து என்கிறார்கள். மலை வாங்கிக்கொண்டது என்கிறார்கள். இல்லை! மலைக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, கேளுங்கள்... ஊரில் என்னைப் பெரிய மனசுக்காரி என்கிறார்கள். பரிமளாவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் துரோகம் செய்தவள் நான் என்பது இந்த நிமிடம்வரை அவளுக்குத் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். வயது முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. உத்திரமேரூரை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் காலனியில் என் வீடு. அந்தப் பக்கம், ஊருக்குள், பரிமளாவின் வீடு. அவர்களுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை. அந்த நிலத்தில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். நானும் பரிமளாவும் ஒரே பள்ளியில் படித்தோம், ஆனால் பேசிக்கொண்டதில்லை.

பேசவைத்தது கம்பெனி பஸ். ஒரகடம் பக்கத்தில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவருக்கும் வேலை. விடிவதற்குள் ஏறினால் வாலாஜாபாத் தாண்டித் தொழிற்சாலை போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அதில் ஒரே இருக்கையில் எட்டு வருடம் உட்கார்ந்தால் யாராயிருந்தாலும் தோழி ஆகிவிடுவார்கள்.

மலை எங்கள் வாழ்வில் வந்தது தற்செயலாகத்தான். கம்பெனியின் விளையாட்டுக் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது பெண்களைப் பாறை ஏறக் கூட்டிப்போனது. பிரியாணி போடுவார்கள் என்றுதான் நாங்கள் போனோம். இடுப்பில் பட்டையைக் கட்டி, கயிற்றை மாட்டி, ஏறுங்கள் என்றார்கள். பாதிப் பேர் இரண்டடி ஏறிச் சிரித்துக்கொண்டே குதித்துவிட்டார்கள். நான் உச்சிவரை போனேன். எனக்குப் பின்னால் பரிமளா.

அங்கே என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா?

எட்டு வருடமாக நான் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகைத் திருகியிருக்கிறேன். எந்தக் கை, எந்த நேரம், எத்தனை சுற்று, எல்லாம் வேறு யாரோ முடிவுசெய்தது. பாறையில் அப்படியில்லை. அடுத்த பிடி எது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் விரல்கள் தேடின, என் விரல்களே தேர்ந்தெடுத்தன. தவறினால் நான் விழுவேன், சரியானால் நான் உயர்வேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு காரியம் முழுக்க முழுக்க என்னுடையதாக இருந்தது!

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிறுதோறும் எங்கள் ஊர்க் கைவிடப்பட்ட கல்குவாரியில் பயிற்சி. விடுப்புக் கிடைத்தால் பர்வதமலை, ஜவ்வாது, கொல்லிமலை என்று கிளம்பினோம். சென்னையில் இருந்த ஒரு மலையேற்றக் குழுவில் சேர்ந்தோம். முடிச்சுகள் போடக் கற்றோம், வரைபடம் படிக்கக் கற்றோம், மழையில் அடுப்பு மூட்டக் கற்றோம். காட்டுக்குள் மூன்றாம் நாள் நடக்கும்போது மனதில் ஒரு நிசப்தம் வரும் பாருங்கள்... அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

அம்மாவுக்கு அது புரியவே இல்லை. அந்தக் குவாரியில்தான் அவள் இளவயதில் ஜல்லி உடைத்தாள்.

“நாங்க கல்ல ஒடைச்சி ஒடைச்சி அந்தப் பள்ளத்துலேர்ந்து ஏறி வந்தோம். நீ இன்னாத்துக்குடி மறுபடியும் அங்க போய்த் தொங்கிக்கினு கீற? மேல இன்னா வச்சிக்கீது?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லாததுக்கா இம்மாம் பாடு? பாக்க வந்த ரெண்டு எடமும் இத்தக் கேட்டுதான் ஓடிப்போச்சி!”

அது உண்மை. மலை ஏறுகிற பெண் வேண்டாம் என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயின. அதற்காக நான் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதைப் பரிமளா மட்டுமே அறிவாள். இது முக்கியம்.

பரிமளா எப்படிப்பட்டவள்? சிரிப்பவள். பயந்தால் பாடுபவள். காட்டில் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள், என் போர்வைக்குள் காலை நுழைத்துக்கொள்வாள். ஆனால் ஊர் திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கியதும், அவள் வீட்டுத் தெரு கண்ணில் பட்டதும், என்னைவிடப் பத்தடி முன்னால் நடப்பாள். எட்டு வருடமும் நடந்தாள். நான் ஒருநாளும் கேட்கவில்லை. மலையில் ஒட்டிக்கொள்பவள் தெருவில் விலகினால் என்ன, மலைதானே எங்களுக்கு நிஜம் என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன் இமயமலைக்குப் போனோம். உத்தராகண்டில் எட்டு நாள் நடைப்பயணம். பனியை முதன்முதலில் பார்த்தபோது பரிமளா அதை அள்ளி என் வாயில் திணித்தாள். ஐந்தாம் நாள் பதின்மூன்றாயிரம் அடிக்கு வந்துவிட்டோம். மறுநாள் கணவாயைக் கடக்க வேண்டும். அந்தப் பிற்பகலில்தான் அவளுக்கு இருமல் வந்தது.

சாதாரண இருமல் இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. உதடு நீலமாயிற்று. இருமிய துணியில் இளஞ்சிவப்பாய் நுரை. வழிகாட்டி அவள் முகத்தைப் பார்த்தார். உடனே கீழே இறக்குங்கள் என்றார். அவளைக் கோவேறு கழுதைமேல் உட்காரவைத்துக் கட்டினோம். இரண்டு பேர் பையையும் நான் சுமந்தேன். கணவாயைப் பற்றி நான் ஒருகணம்கூட நினைக்கவில்லை. நம்புங்கள்... அன்று நான் அப்படிப்பட்டவளாக இருந்தேன்.

அடிவாரத்துச் சிற்றூரில் ஒரு மருத்துவர் இருந்தார். பரிமளாவின் முகத்தில் பிராணவாயு முகமூடி. மருத்துவர் என்னை வெளியே அழைத்து, உடைந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இந்த முறை தப்பித்தாள். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடியும் வரக்கூடும். இனி உயரமான இடத்துக்குப் போனால், கூட்டிப்போகிறவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வார்த்தைகளை முழுதாகக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

உள்ளே போனேன். முகமூடியை விலக்கிவிட்டு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அவ்ளோதானா எஸ்தரு? இனிமே மல இல்லியா எனக்கு?”

“ச்சீ, அதெல்லாம் ஒண்ணும் பெரிசா சொல்லல. குளுரு நெஞ்சுல எறங்கிடுச்சாம். தாவலயாயிடுமாம், சரியாப் பூடுமாம்.”

“யாரு கைலயும் சொல்லாத. எங்க வூட்ல தெரிஞ்சா அப்பால வாசப்படி தாண்ட வுட மாட்டாங்க. கிளப்லயும் சேக்க மாட்டாங்க. சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன். அன்பினால்தான் செய்தேன். அன்பினால் மறைத்த ஒரு விஷயம், கையில் கத்தியாக மாறும் என்று அப்போது தெரியவில்லை.

போன வருடம் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. கிராமத்துப் பெண்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து இருபதாயிரம் அடிச் சிகரம் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறார்கள். வழிநடத்துபவர் சேகர் சார். ஐம்பது வயதுக்காரர், கறாரானவர், எங்களுக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இருவரும் விண்ணப்பித்தோம். ஏலகிரியில் இரண்டு நாள் சோதனை முகாம். ஓட்டம், சுமை தூக்கி நடை, பாறை. நான் எல்லாவற்றிலும் அவளுக்கு முன்னால் வந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அதுதான் நடந்தது.

“நாம ரெண்டு பேரும் போனா போவோம், இல்லன்னா ரெண்டு பேரும் இல்ல” என்று திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் பரிமளா.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், உத்திரமேரூர் கடைத்தெருவில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க நின்றிருந்தேன். கைப்பேசி அடித்தது. சேகர் சார்.

“எஸ்தர், வாழ்த்துகள்மா! கல்யாணம் முடிவாயிருக்காமே!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “யாருக்கு சார்?” என்று கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“பரிமளா சொன்னாங்க. உங்களுக்கு எங்ககிட்ட சொல்லச் சங்கடமா இருக்குன்னும் சொன்னாங்க. இதுல என்னம்மா சங்கடம்? உங்க பகுதிக்கு ஒரு இடம்தான். உண்மையச் சொன்னா உங்களைத்தான் முதல்ல முடிவு பண்ணியிருந்தோம். பரவாயில்ல, கல்யாணத்துக்கு அப்புறம் மலை எங்க போயிடப்போகுது? அதனால பரிமளாவை எடுத்துட்டோம்.”

கடைக்காரர் மாத்திரைப் பட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கவில்லை.

கல்யாணம்! வேறு எந்தப் பொய்யும் அவளுக்குக் கிடைக்கவில்லையா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றிருக்கலாம். கால் சுளுக்கு என்றிருக்கலாம். எந்த மலைக்காக என் கல்யாணம் இரண்டு முறை தட்டிப்போனதோ, அந்த மலையை என்னிடமிருந்து பறிக்க இல்லாத ஒரு கல்யாணத்தை எனக்குச் செய்துவைத்திருந்தாள்! என் கண்ணீரைத் துடைத்த அதே விரல்களால்!

ஏன் உடனே மறுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஆயிரம் முறை கேட்டுவிட்டேன். அவமானம். கல்யாணமே இல்லை சார் என்று அந்தக் கடைத்தெருவில் நின்று சொல்ல நாக்கு கூசியது. அவள் பொய்க்காரி என்றால் என்னை நம்புவாரா என்ற சந்தேகம் வேறு. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

“இன்னொரு விஷயம்மா. படிவத்துல, கூட ஏறினவங்க பேருன்னு ஒரு இடம் இருக்கு. உங்க பேரைத்தான் போட்டிருக்காங்க. இமயமலையில அவங்களோட இருந்தது நீங்க ஒருத்தர்தான். வெளிப்படையா சொல்லுங்க, உயரத்துல அவங்களுக்கு ஏதாவது பிரச்சினை வந்ததா? மூச்சு, இருமல், தலைவலி... எதுவானாலும்.”

என்னை அறுத்து எறிந்துவிட்டு, சாட்சிக்கு என் நாக்கையே கூப்பிட்டிருந்தாள்! அவ்வளவு நம்பிக்கை. எஸ்தர் சத்தியத்தைக் காப்பாற்றுவாள். எஸ்தர் எதையும் பொறுத்துக்கொள்வாள். எஸ்தர் பத்தடி பின்னாலேயே நடந்து வருவாள்.

மருத்துவரின் முகம் என் கண்முன் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவர் சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன.

“அப்டி எதுவும் வரல சார். என்னவிட அவதான் ஸ்ட்ராங்கு.”

சேகர் சார் நெகிழ்ந்துபோனார். “தனக்குக் கெடைக்காத இடத்துக்குப் போறவங்களைப் பத்தி இப்படிச் சொல்ல மனசு வேணும்மா” என்றார்.

நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சத்தியத்துக்காகச் சொன்னேன் என்று என்னால் சொல்லிவிட முடியும். கேட்பவர்கள் நம்புவார்கள். ஆனால் உங்களிடம் மறைத்து என்ன பயன்? அந்தச் சத்தியம் அப்போது என் நினைவிலேயே இல்லை. அவள் போகட்டும் என்று நினைத்தேன். போய், மூச்சு முட்டி, எல்லோர் முன்னாலும் தோற்று, பாதியில் இறங்கி வரட்டும் என்று நினைத்தேன். சாகட்டும் என்று நினைத்தேனா? இல்லை... இல்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் பனியில் இருமுகிற ஒரு பெண், தோற்பதோடு நின்றுவிடுவாள் என்று எனக்கு யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

கணநேரக் கோபம் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. அவள் புறப்பட இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன. பத்தொன்பது நாட்களும் என் கையில் கைப்பேசி இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் பரிமளா என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“ஒரே ஒரு சீட்டாம் எஸ்தரு. இன்னாத்தப் பாத்தாங்களோ, என்ன எடுத்துட்டாங்க. உனக்காக எவ்ளோ கேட்டேன் தெரியுமா? பேஜாரா கீது எனக்கு.”

“பரவால்ல வுடு.”

“கோவமா?”

“இல்ல.”

அன்றிலிருந்து நான் காத்திருந்தேன். எனக்குள் ஒரு பேரம் ஓடியது. அவள் வாயால் உண்மையைச் சொல்லட்டும், அந்த நிமிடமே மருத்துவர் சொன்னதை நான் சொல்லிவிடுகிறேன். அவள் மன்னிப்புக் கேட்டால் அவள் நுரையீரல் பிழைக்கும். இல்லையென்றால் இல்லை. எவ்வளவு கொடூரமான பேரம், பாருங்கள்! எதிராளிக்கே தெரியாத பேரம்!

ஒருநாள் வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசத் தொடங்கினாள். சொல்லப்போகிறாள் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

“அந்த இருமல் மேட்டரு... சேகர் சார் கைல எதுவும் சொல்லலியே?”

“சொல்லல.”

“நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்” என்று என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் எனக்குள் எதுவோ மூடிக்கொண்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். பூ வைத்துவிட்டேன். பாத்துப் போ என்றேன். ரயில் நகர்ந்தபோது அவள் ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நானும் ஆட்டினேன்.

பதினொன்றாம் நாள் செய்தி வந்தது.

இரண்டாவது முகாம்வரை அவள் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். அங்கே இருமல் தொடங்கியிருக்கிறது. குளிர்தான், சரியாகிவிடும் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வாசகம் யாருடையது? என்னுடையது! நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம். ஒரு நாள் முழுக்க மறைத்திருக்கிறாள். பிறகு பனி கொட்டி, இரண்டு நாள் யாராலும் நகர முடியவில்லை. மூன்றாம் நாள் சேகர் சாரும் இன்னும் இருவரும் அவளை இழுத்தும் சுமந்தும் இறக்கியிருக்கிறார்கள். வழியில் ஓர் ஓடையில் வலது காலணி நனைந்திருக்கிறது. அவளுக்கு உணர்வே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் காலை யார் பார்ப்பார்கள்?

மருத்துவமனையிலிருந்து சேகர் சார் என்னை அழைத்தார்.

“எஸ்தர், டாக்டர் கேக்குறாரு. இதுக்கு முன்னாடி அவங்களுக்கு இப்படி வந்திருக்கா?”

உயிர் தப்பிவிட்டாள் என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் கேள்விக்கு உண்மை சொன்னால் மாட்டிக்கொள்பவள் நான் மட்டும்தான்.

“எனக்குத் தெரிஞ்சி இல்ல சார்.”

“அப்ப நான்தான் கவனிச்சிருக்கணும். முதல் இருமல்லயே இறக்கியிருக்கணும்” என்றார். குரல் உடைந்திருந்தது. குழு அவரிடம் விளக்கம் கேட்டது. எல்லாப் பிழையும் தன்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, பெண்களை மலைக்குக் கூட்டிப்போவதையே நிறுத்திவிட்டார். அந்த மனிதர் செய்த குற்றம் என்ன? என்னை நம்பியது!

பரிமளா ஊர் திரும்ப ஒன்றரை மாதம் ஆயிற்று. பெருவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது. வரிசையில் எட்டு மணி நேரம் நிற்க முடியாது என்று கம்பெனியில் அவளைக் கிடங்குக் கணக்குக்கு மாற்றினார்கள்.

பார்க்கப் போனேன். வாசலில் நின்றேன். எட்டு வருடத்தில் நான் தாண்டாத வாசல் அது. அவள் அம்மா உள்ளிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

“ஏம்மா அங்கியே நிக்கிற? உள்ள வா. எம் பொண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா. அவ பண்ண துரோகத்துக்கு வேற யாராயிருந்தாலும் மண்ண வாரித் தூத்தியிருப்பாங்க. நீ நல்ல வார்த்த சொல்லி அனுப்பி வச்சிக்கீற!”

கூடத்தைத் தாண்டி உள்ளறைக்கு என்னை அழைத்துப் போனார். கட்டிலில் பரிமளா. என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“உனுக்குக் கல்யாணம்னு நான்தான்டி பொய் சொன்னேன்.”

“ஏன்டி?”

“உன்னதான் எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வூட்ல எனக்குத் தை மாசம் நாள் பாத்துட்டாங்க. உன் கைலகூட சொல்லல. கல்யாணம் ஆச்சின்னா அப்பால எனுக்கு ஏது மல? ஒரே ஒரு வாட்டின்னு... நீ எப்ப வோணா போலாம்னு...”

ஆக, அந்தக் கல்யாணம் அவளுடையது. தன்னுடையதை எடுத்து எனக்குச் சூட்டியிருக்கிறாள்! இப்போது அதுவும் இல்லை. கால் விஷயம் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள்.

“என்ன மன்னிச்சிடுடி.”

“வுடு.”

“சேகர் சார் சொன்னாரு. உனுக்குக் கல்யாண வாழ்த்து சொன்னாராமே, நான் பண்ணது அப்பவே தெரிஞ்சும் நீ என்னப் பத்தி ஒசத்தியா சொன்னியாமே. எப்டிடி முடிஞ்சிது உன்னால?”

அதுதான் அந்த நேரம். அதைவிட நல்ல நேரம் இனி வராது. அவள் கண்கள் என்மேல் இருந்தன. அவள் தன்னுடையதைச் சொல்லி முடித்துவிட்டாள், என் முறை வந்திருந்தது. வாயைத் திறந்தேன்...

அவள் அம்மா தட்டோடு வந்தார். சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, பொரித்த அப்பளம். தன் கையாலேயே பரிமாறினார். “சாப்புடும்மா, இனிமே இது உன் வூடு” என்றார்.

நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டு வருடத்து நட்பு திறக்காத கதவை என் பொய் திறந்தது. இதை நான் என்னவென்று சொல்வது?

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கோபம் இன்னும் போகவில்லை. நியாயப்படி போயிருக்க வேண்டும், அவள் இழந்தது அதிகம். ஆனாலும் சில நாட்களில், பஸ்ஸில் அவள் என் தோளில் தூங்கும்போது, ‘நீதானே தொடங்கினாய்’ என்று எனக்குள் ஒரு குரல் எழுகிறது. அவள் அழுது, சொல்லி, மன்னிப்பு வாங்கி, இலேசாகிவிட்டாள். என்னை மட்டும் இங்கே விட்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்டதே அவள் எனக்குச் செய்த இரண்டாவது துரோகம் என்றுகூடத் தோன்றுகிறது! எவ்வளவு கோணலான மனம் என்னுடையது, பார்த்தீர்களா?

ஏன் சொல்லிவிடவில்லை என்கிறீர்கள். சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? காலும் போய், கல்யாணமும் போய், எஸ்தர் நல்லவள் என்ற ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது. அதையும் பிடுங்கவா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தட்டுச் சோற்றை இழக்க எனக்கு மனமில்லை என்பதும் உண்மை. இரண்டில் எது பெரிய காரணம்? எனக்கே தெரியவில்லை. உங்களிடம் சொல்வது எளிது. உங்களுக்கு அவளைத் தெரியாது.

இந்த வருடம் அதே சிகரத்துக்கு மறுபடியும் ஒரு குழு போகிறது. புதிய தலைவர். என்னைக் கேட்டார்கள். பரிமளா தன் விரல்களை விட்டுவந்த மலை அது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லையா?

சரி என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தப் பனியை நினைத்ததும் என் உள்ளங்கை வியர்த்தது. ஆசையால் வியர்த்தது. வெட்கத்தால் அல்ல.

எனக்குப் பயிற்சி கொடுப்பது யார் தெரியுமா? பரிமளாதான். தன் வாயாலேயே கேட்டாள். “எனுக்கும் சேத்து நீ ஏறிட்டு வா” என்றாள்.

போன ஞாயிறு காலை குவாரியில் ஐம்பதடி உயரத்தில் இருந்தேன். கீழே ஒரு பாறாங்கல்லில், நல்ல காலை ஊன்றி அவள் உட்கார்ந்திருந்தாள். என் இடுப்பிலிருந்து போன கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பில், அவள் கையில். என் கை வழுக்கியது. விழுந்தேன். மூன்றடிகூட இறங்கியிருக்க மாட்டேன், கயிறு சட்டென்று இறுகி என்னைத் தாங்கிக்கொண்டது. கீழே பார்த்தேன். இழுப்பில் கல்லைவிட்டு எழும்பி, அடிபட்ட காலையும் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பிடித்திருந்தாள்.

“பயப்படாத, நான் கீறேன்!” என்று கத்தினாள்.

நான் அந்தரத்தில் தொங்கினேன். கேட்க வேறு யாரும் இல்லை. “பரிமளா...” என்றேன்.

“இன்னாடி?”

பாறையில் பிடி தேடினேன். கிடைத்தது.

“கயிறு கொஞ்சம் தளத்து” என்றேன். “ஏறப்போறேன்.”